தெரிந்த பறவை 'புதிய இனம்' ஆவது எப்படி? சோலைக்கிளியை முன்வைத்து ஒரு விளக்கம்

மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய பறவையினம் என்ற தலைப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்திகளில் வந்துபோகிறது. 2017இல் சோலைக்கிளிகளையும், சிரிப்பான் எனப்படும் வேறொரு குடும்பத்து மலைப் பறவைகளையும் பற்றி வந்த செய்தி அவற்றுள் பெரியது. படித்தவர்களுக்கு உடனே ஓர் ஐயம் எழுந்தது. சோலைக்கிளி 1844இலேயே அறிவியல் பெயர் பெற்ற பறவை. மலைவாழ் மக்கள் அதை எத்தனையோ தலைமுறையாக அறிவார்கள். அதைப் போய் 2017இல் எப்படிப் புதிதாகக் கண்டுபிடிக்க முடியும்?

போதாக்குறைக்குப் பெயர்க் குழப்பம் வேறு. ஒரே பறவை ஒரு கையேட்டில் குட்டைச்சிறகன் குழுவிலும், இன்னொன்றில் நீலராபின் குழுவிலும், இணையத்தில் சோலைக்கிளி என்றும் இருக்கிறது. சில பட்டியல்களில் இரண்டு இனங்கள், சிலவற்றில் மூன்று. இது அறிவியலாளர்களின் பெயர் விளையாட்டு என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் இந்தப் பெயர் மாற்றங்களுக்குப் பின்னால் மலைகளின் வரலாறு இருக்கிறது. எந்த மலையை எப்படிக் காப்பது என்ற கேள்வியும் அங்கேதான் வந்து நிற்கிறது.

இது எந்தப் பறவை?

பெயரில் கிளி இருந்தாலும் இது கிளி அல்ல. ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்த, சிட்டுக்குருவி அளவே உள்ள பறவை. முதுகும் மார்பும் கருநீலம். கண்ணுக்கு மேல் வெளிறிய புருவக்கோடு, அலகை ஒட்டிக் கறுப்பு. கால்கள் நீளம், சிறகுகள் குட்டை. தரையை விட்டு அதிகம் மேலே போகாத பறவைக்கு ஏற்ற உடலமைப்பு.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியிலும் அதை அடுத்த குடகு, பாபாபுதன் போன்ற கர்நாடக மலைகளிலும் இருப்பது நீலகிரிச் சோலைக்கிளி. இதன் விலாவும் வாலடியும் செம்பழுப்பு. கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, மூணாறு, பழனிமலைப் பகுதிகளில் இருப்பது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. இதற்குச் செம்பழுப்பு கிடையாது. விலாவும் நீலமே, வயிறு வெள்ளை. இன்னும் தெற்கே, செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி அகத்தியமலை உள்ளிட்ட அசம்பு மலைகளில் வாழும் கூட்டம் தோற்றத்தில் இந்த வெண்வயிற்றுப் பறவையை ஒத்திருக்கும். சிக்கலே இந்த மூன்றாவது கூட்டத்தில்தான். அதற்குப் பின்னர் வருவோம்.

வாழ்க்கை முழுக்கச் சோலையின் அடித்தட்டில். உதிர்ந்த இலைகளுக்கு நடுவே தத்தித் தத்திப் பூச்சி பிடிக்கும். சில வேளை சிறு பழங்களையும் கொத்தும். தனியாகவோ இணையாகவோதான் பார்க்கலாம், கூட்டம் சேராது. விடியும் முன்பும் பொழுது சாயும்போதும், வெளிச்சம் மங்கிய நேரத்தில்தான் நடமாட்டம் அதிகம். சோலையை ஒட்டிய தோட்டங்களுக்கும் வந்துபோகும். மரப்பொந்திலோ மண்சரிவின் குழியிலோ பாசியால் கிண்ணம்போலக் கூடு கட்டும்; வழக்கமாக இரண்டு முட்டைகள். இனப்பெருக்கம் பெரும்பாலும் ஏப்ரலை ஒட்டிய மாதங்களில் நடக்கிறது. பாட்டு உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான்.

பாட்டு என்பதை இங்கே கொஞ்சம் கறாராகப் புரிந்துகொள்ள வேண்டும். பறவையியலில் 'பாடும் பறவைகள்' என்பது ஒரு பிரிவின் பெயர். உலகின் பறவையினங்களில் ஏறத்தாழப் பாதி இதில் அடங்கும். குரல் உறுப்பில் நுட்பமான தசைகள் இருப்பதும், பாட்டைப் பிறவியிலேயே முழுதாகப் பெறாமல் கேட்டுக் கற்பதும் இவற்றின் அடையாளம். இனிமைக்கும் இந்தப் பிரிவுக்கும் தொடர்பில்லை. காக்கையும் வகைப்பாட்டின்படி பாடும் பறவைதான்.

மலை உச்சி எப்படித் தீவாகிறது?

சோலை என்பது உயர்மலைப் பள்ளங்களிலும் நீரோடை ஓரங்களிலும் அடர்ந்து நிற்கும் பசுமைமாறாக் காடு. மரங்கள் அதிக உயரம் வளர்வதில்லை. கிளைகளில் பாசி மூடியிருக்கும். அதைச் சுற்றி மேட்டுச் சரிவுகளில் புல்வெளி. பழக்கமில்லாத கண்ணுக்கு அந்தப் புல்வெளி மரம் வெட்டப்பட்ட இடம்போலத் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் அங்கே போன வெள்ளையர்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. இந்தத் தவறான பார்வைக்கு மலை கொடுத்த விலை பெரிது. உண்மையில் அந்தப் புல்வெளி காட்டைப் போலவே தொன்மையானது. திறந்த சரிவில் விழும் உறைபனி சோலை மரக் கன்றுகளைக் கருக்கிவிடுவது, மரங்கள் அங்கே பரவாததற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. நீலகிரியின் சதுப்பு மண்ணில் படிந்த கரிம ஐசோடோப்புகளை (எடை வேறுபட்ட கரிம அணுக்களை) ஆராய்ந்து சூழலியலாளர் ஆர். சுகுமாரும் உடனாய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட முடிவுகள், கடந்த ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளில் வறண்ட காலங்களில் புல்லும் ஈரமான காலங்களில் மரமும் மாறி மாறி மேலோங்கியதைக் காட்டின. ஆக, சோலை ஒருபோதும் அசையாமல் நின்ற காடு அல்ல. பருவநிலைக்கு ஏற்ப விரிந்தும் சுருங்கியும் வந்திருக்கிறது.

சோலைக்கிளி பெரும்பாலும் 1,200 மீட்டருக்கு மேல்தான் வாழ்கிறது. ஆகவே அதன் கண்ணில் மேற்குத் தொடர்ச்சி மலை ஒரே தொடர் அல்ல. ஆனைமுடி 2,695 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். இரண்டுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தில், 300 மீட்டருக்கும் தாழ்ந்த உயரத்தில் கிடக்கிறது. வெயிலும் வயலுமான அந்தச் சமவெளியில் நிழல் இல்லை, ஈரமான இலைப்படுகை இல்லை. குட்டைச் சிறகுகளுடன் தரையில் தத்தும் பறவைக்கு அது கடல் மாதிரி. உயிரியலாளர்கள் இத்தகைய மலை உச்சிகளை 'வான் தீவுகள்' என்பது இதனால்தான்.

தீவுகளைப் பிரிக்கும் பள்ளங்கள் எல்லாம் ஒன்றல்ல. மூன்று வகையாகப் பார்க்கலாம்.

1. பாலக்காட்டுக் கணவாய்: மிக அகலமானது, மிக ஆழமானது, மிகத் தொன்மையானது.
2. செங்கோட்டைக் கணவாய்: அதைவிடக் குறுகல். ஆனைமலை–ஏலமலைப் பகுதியை அசம்பு மலைகளிலிருந்து பிரிக்கிறது.
3. மனிதர் உண்டாக்கிய இடைவெளிகள்: தேயிலை எஸ்டேட், மரத்தோட்டம், ஊர், சாலை, அணை நீர்ப்பரப்பு. வயது அதிகம் போனால் இருநூறு ஆண்டு.

முதல் இரண்டும் நிலவியல் செய்த வேலை. மூன்றாவது நாம் செய்தது. ஒரே பறவையின் உடலிலும் குரலிலும் இவை விட்ட தடங்களைத் தனித்தனியே பிரித்துப் படிக்க முடிந்ததுதான் சோலைக்கிளி ஆய்வுகளின் தனிச் சிறப்பு.

பெயர் ஏன் இத்தனை முறை மாறியது?

அறிவியல் பெயரில் இரண்டு சொற்கள். முதற்சொல் பேரினம், அதாவது நெருங்கிய உறவினர்களின் குழு. இரண்டாவது சொல் அந்தக் குழுவுக்குள் இந்த இனத்தைக் குறிப்பது. முதலில் வைத்தவர் கொடுத்த இரண்டாவது சொல் விதிப்படி நிலைத்திருக்கும். உறவு பற்றிய புரிதல் மாறினால் முதற்சொல் மாறும். சோலைக்கிளிக்கு நடந்தது இதுதான்.

1. 1844: தாமஸ் ஜெர்டன் நீலகிரிப் பறவையை விவரித்து 'மேஜர்' என்ற சொல்லைக் கொடுத்தார்.
2. 1868: வில்லியம் பிளான்ஃபோர்டு பழனிமலைப் பறவையைத் தனி இனமாக விவரித்து, வெள்ளை வயிற்றைக் குறிக்கும் 'அல்பிவென்ட்ரிஸ்' என்ற சொல்லைக் கொடுத்தார்.
3. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி: இரண்டும் ஒரே இனத்தின் இரு உள்ளினங்களாகச் சேர்க்கப்பட்டன. இமயமலையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உள்ள குட்டைச்சிறகன்களின் பேரினமான பிராக்கிப்டெரிக்ஸில் வைக்கப்பட்டன.
4. 2005: பமேலா ராஸ்முசனும் ஜான் ஆண்டர்டனும் தங்கள் தெற்காசியப் பறவைக் கையேட்டில் மீண்டும் இரண்டு இனங்களாகப் பிரித்தார்கள், மயோமீலா என்ற இன்னொரு பேரினத்துக்கு மாற்றினார்கள்.
5. 2017: வி.வி. ராபின் தலைமையிலான குழு இரண்டு இடமும் தவறு என்று மரபணுச் சான்றுடன் காட்டி, ஷோலிகோலா என்ற புதிய பேரினத்தை நிறுவியது.

இவர்கள் எல்லோரும் பார்த்தது இதே பறவைகளைத்தான். முன்னோடிகள் கவனக்குறைவால் தவறினார்கள் என்று சொல்வது நியாயம் ஆகாது. அவர்களிடம் இருந்தது பாடம் செய்த தோலும் அளவுகோலும் மட்டுமே. இருட்டான காட்டுத் தரையில் பூச்சி தேடும் பறவைக்கு நீண்ட கால், குட்டைச் சிறகு, மங்கிய நிறம் பயன்படும். எங்கெல்லாம் அந்த வாழ்க்கை இருக்கிறதோ அங்கெல்லாம் வெவ்வேறு குலங்களிலிருந்து இதே உடலமைப்பு உருவாகிவிடுகிறது. இதைக் குவிப் பரிணாமம் என்பார்கள். தோற்ற ஒற்றுமை உறவையும் காட்டலாம், ஒத்த தொழிலையும் காட்டலாம். தோலை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டில் எது என்று சொல்வது கடினம்.

மரபணு சொன்னது

மெல்லிய வலையில் பறவையைப் பிடித்து, ஒரு துளி இரத்தம் எடுத்து, காலில் வளையமிட்டு, விட்டுவிடுவார்கள். அந்தத் துளியிலிருந்து மரபணு வரிசையைப் படித்து மற்றப் பறவைகளின் வரிசையோடு ஒப்பிடுவார்கள். வேறுபாடுகள் காலப்போக்கில் சேருபவை. எனவே வேறுபாடு கூடக்கூடப் பிரிவு பழையது.

ராபின், அனிந்த்ய சின்ஹா, உமா ராமகிருஷ்ணன் மூவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, சோலைக்கிளிகளின் குலமரம் மலைகளின் வரைபடத்தையே ஒத்திருப்பதைக் காட்டியது. பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் உள்ளவற்றுக்கு இடையில் மிக ஆழமான பிளவு. அதற்கு அடுத்தது செங்கோட்டைக் கணவாயில். பழங்காலப் பருவநிலை மாற்றங்களும் இந்தப் பிரிவில் பங்காற்றியிருக்கின்றன. உச்சிக்காடு விரிந்தபோதும் சுருங்கியபோதும் பறவைக் கூட்டங்களும் கூடவே நகர்ந்திருக்கின்றன.

2017இன் ஆய்வு இன்னும் பின்னோக்கிப் போனது. சோலைக்கிளியின் உண்மையான உறவினர் யார் என்று கேட்டது. விடையாக வந்தவை இமயமலைக் குட்டைச்சிறகன்கள் அல்ல, நீல ஈப்பிடிப்பான்களின் கிளை. இதில் ரசிக்கத்தக்க ஒன்று உண்டு. நீலகிரி ஈப்பிடிப்பான் அந்தக் கிளையைச் சேர்ந்தது. அதுவும் இதே சோலையில்தான் வாழ்கிறது. அது மேலே கிளை நுனியில் உட்கார்ந்து பறக்கும் பூச்சியைப் பிடிக்க, அதே மரத்தடியில் சோலைக்கிளி சருகைக் கிளறிக்கொண்டிருக்கிறது. நூறாண்டுக்கு மேலாக உறவைத் தேடி இமயமலைக்குப் போனவர்கள் தலையை நிமிர்த்திப் பார்த்திருக்கலாம்.

அதே ஆய்வு மலைச் சிரிப்பான்களையும் மான்டெசின்க்லா என்ற புதிய பேரினத்தில் வைத்தது. நீலகிரி, வயநாட்டுப் பாணாசுர மலை, பழனி, அசம்பு என்று நான்கு மலைப் பகுதிகளுக்கு நான்கு இனங்கள். சோலைக்கிளியும் சிரிப்பானும் வேறு குடும்பங்கள், வேறு பழக்கங்கள். ஆனாலும் பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் இரண்டையும் வெட்டியிருக்கின்றன. எல்லாப் பறவைகளையும் இப்படி வெட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 23 மலைப் பறவையினங்களை ஒப்பிட்டு 2015இல் இதே ஆய்வாளர்கள் செய்த வேலையில், ஆழமும் அகலமும் கூடிய பள்ளம் அதிக இனங்களைப் பிரித்திருந்தது, சிறிய பள்ளம் அவற்றுள் சிலவற்றை மட்டும் பிரித்திருந்தது. பிரியாமல் இருந்தவையும் உண்டு. பள்ளம் ஒன்றே, பறவைக்குப் பறவை அதன் பொருள் வேறு.

ஆக, செய்தித் தலைப்பில் 'புதிது' எனப்படுவது பறவை அல்ல. அது எவ்வளவு காலமாகத் தனித்திருந்தது என்ற தகவல்தான் புதிது.

பாட்டு சொன்னது

மரபணு மெதுவாக ஓடும் கடிகாரம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நட்ட தேயிலை ஒரு பறவைக் கூட்டத்தைப் பிரித்திருந்தால், அது வழக்கமான மரபணு ஒப்பீட்டில் தெரியாமல் போகலாம். பாட்டு அப்படியல்ல. அது கற்பது, ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் காதுவழியாகப் போவது. குஞ்சு தன்னைச் சுற்றியுள்ள பெரிய பறவைகளைக் கேட்கிறது, மனத்தில் பதிக்கிறது, பிறகு உளறி உளறிப் பழகுகிறது. அப்படிக் கடத்தும்போது சிறு பிழை நுழையும், ஒரு சுரம் விடுபடும், இன்னொன்று புதிதாய்ச் சேரும். இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று கேட்க முடிந்தால் இந்த மாற்றங்கள் கலந்து சமனாகும். கேட்க முடியாவிட்டால் ஒவ்வொன்றும் தன்போக்கில் விலகும். நம் வட்டார வழக்குகள் உருவானது இப்படித்தான்.

பறவையின் குரல் உறுப்பு பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் குரல்வளை தொண்டையின் மேற்பகுதியில் இருக்கிறது. பறவைக்கு ஒலி பிறப்பது மார்புக்குள், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து நுரையீரல்களுக்குப் போகும் கவையில். சிரிங்ஸ் என்று பெயர். பாடும் பறவைகளில் இதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனி நரம்பு, தனித்தனி தசையால் இயங்குகின்றன. ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு சுரங்களை எழுப்பவும், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மூச்சு விடாமல் தாவவும் முடியும். பதிவு செய்த ஒலியை வரைபடமாக்கினால், ஒன்றோடொன்று பொருந்தாத இரு கோடுகள் ஒரே நொடியில் ஓடுவதைக் காணலாம். இத்தகைய நுட்பங்களைச் 'சிக்கலான குரல் முறைகள்' என்று தனியாக எண்ணுகிறார்கள்.

இந்தப் பின்னணியில், 2016இல் சேத்தனா புருஷோத்தமும் ராபினும் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. ஆறு இடங்களில் 38 பறவைகள் பாடிய 835 பாடல்கள். சுருதி, கால அளவு சார்ந்த 14 கூறுகளையும், சுரங்களை அடுக்கும் முறை சார்ந்த இரண்டு கூறுகளையும் அளந்தார்கள். கிடைத்த முடிவுகளில் இரண்டு நம் கேள்விக்கு நேராகப் பொருந்துகின்றன.

முதலாவது: பாடல்கள் மூன்று பெருங்குழுக்களாகப் பிரிந்தன. வேறு இடத்துப் பாடலை ஒலிபரப்பியபோது பறவைகள் காட்டிய எதிர்வினையும் இதற்கு ஒத்துவந்தது. தன் இனத்துக்காரன் எல்லைக்குள் வந்துவிட்டான் என்று நினைத்தால் பறவை பாய்ந்து வரும். அயலான் என்றால் பெரிதாகக் கண்டுகொள்ளாது. இனப்பிரிவு பற்றி நாம் போடும் கோட்டைவிட அந்தப் பறவை போடும் கோட்டுக்கு மதிப்பு அதிகம் என்பது என் கருத்து.

இரண்டாவது, மேலும் கவனிக்க வேண்டியது: சிக்கலான குரல் முறைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, தொன்மையான பள்ளங்களால் பிரிந்த கூட்டங்கள் மட்டுமல்ல, அண்மைக் காடழிப்பால் பிரிந்த கூட்டங்களும் வேறுபட்டுத் தெரிந்தன. அதாவது, இடையில் மனிதர் வெட்டிய காடு பறவைகளின் பாட்டில் ஏற்கெனவே பதிந்துவிட்டது. உடல் இன்னும் ஒன்றாக இருக்க, வழக்கு பிரியத் தொடங்கியிருக்கிறது.

பாட்டு வேறுபடுவதில் என்ன கெடுதி என்று கேட்கலாம். வேறுபாடு தானாகக் கெடுதி அல்ல. எண்ணிக்கை குறைந்து குஞ்சுகள் கேட்டுக் கற்கப் பெரியவர்களே இல்லாமல் போகும்போதுதான் ஆபத்து. ஆஸ்திரேலியாவில் அருகிவரும் ரீஜன்ட் தேனுண்ணிப் பறவையில் இது நடந்தேவிட்டது. அங்கு ஆய்வுக்குட்பட்ட ஆண்களில் ஏறத்தாழ 12 விழுக்காடு தன் இனத்தின் பாடலையே பாடவில்லை, மற்ற இனங்களின் பாட்டைப் பாடின என்று 2021இல் தெரியவந்தது. சோலைக்கிளி அந்த நிலையில் இல்லை. ஆனால் துண்டுபட்ட காடு எந்தத் திசையில் இழுக்கும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

இரண்டா, மூன்றா?

2017இன் ஆய்வு அசம்பு மலைக் கூட்டத்துக்கு 'அஷாம்புவென்சிஸ்' என்று பெயர் சூட்டியது. அதைத் தனி இனமாக எடுக்காமல், வெண்வயிற்றுச் சோலைக்கிளியின் உள்ளினமாக வைக்கும் உலகப் பட்டியல்களும் உண்டு. ஒரே தரவிலிருந்து இரண்டு முடிவு எப்படி?

இனம் என்பதற்கான வரையறை ஒன்றல்ல என்பதே காரணம். தமக்குள் இனப்பெருக்கம் செய்து, பிறவற்றோடு கலக்காதவை ஓர் இனம் என்பது பழைய, பரவலான வரையறை. அடுத்தடுத்து வாழும் பறவைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆனால் அசம்பு மலைப் பறவையும் பழனிமலைப் பறவையும் சந்திக்கவே வழியில்லாதபோது, சந்தித்தால் கலக்குமா என்று யார் சொல்வது? தனி வரலாறும் பிரித்தறியும் பண்புகளும் உள்ள குலக்கிளை ஒவ்வொன்றும் ஓர் இனம் என்பது மற்றொரு வரையறை. முன்னதைக் கைக்கொள்பவர் தயங்குவார், பின்னதைக் கைக்கொள்பவர் பிரிப்பார். தோற்ற வேறுபாடு மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் தயக்கம் இன்னும் கூடும். இருவரும் ஒப்புக்கொள்வது, அசம்பு மலைக் கூட்டம் நெடுங்காலமாகத் தனித்து வந்திருக்கிறது என்பதை. சர்ச்சை அதற்கு என்ன தகுதிப்பெயர் கொடுப்பது என்பதில் மட்டுமே.

பட்டியல் மாறினால் காட்டில் என்ன மாறும்?

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் இனங்களைத்தான் மதிப்பிடுகிறது. அதன் அளவுகோல்களில் ஒன்று பரவல் எல்லை. 20,000 சதுர கிலோமீட்டருக்குக் குறைந்து, துண்டுபடுதலும் தொடர் சரிவும் போன்ற கூடுதல் நிபந்தனைகள் பொருந்தினால் 'பாதிக்கப்படக்கூடியது'. 5,000க்குக் குறைந்து அதே நிபந்தனைகள் பொருந்தினால் 'அருகிவருவது'. ஓர் இனத்தை இரண்டாக்கினால் ஒவ்வொன்றின் பரப்பும் குறையும், வகைப்பாடு மேலேறும். நீலகிரிச் சோலைக்கிளி இன்று அருகிவரும் பட்டியலில், வெண்வயிற்றுச் சோலைக்கிளி பாதிக்கப்படக்கூடிய பட்டியலில். பிரிக்காமல் விட்டிருந்தால் ஒன்றின் நெருக்கடியை மற்றொன்றின் பரப்பு மறைத்திருக்கும்.

அதற்காகப் பாதுகாப்புப் பணம் கிடைக்க வேண்டுமென்றே இனங்களைப் பெருக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் வருவதுண்டு. சில உயிரினக் குழுக்களில் அதில் உண்மை இருக்கலாம். சோலைக்கிளியில் மரபணு, பாட்டு, நிறம், நிலவியல் என்று நான்கு தனித்தனிச் சான்றுகள் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன. இதைவிட வலுவான வழக்கு கிடைப்பது அரிது.

நடைமுறை விளைவுகள் இதிலிருந்து தொடர்கின்றன. ஒரு மலையில் பறவை அழிந்தால் பக்கத்து மலையிலிருந்து கொண்டுவந்து விடலாம் என்ற யோசனைக்குக் கணவாய் தாண்டி இடமில்லை. நீலகிரிக்குப் பதில் கொடைக்கானல் பறவை என்பது இட்டுநிரப்ப முடியாத கணக்கு. வெப்பம் கூடும்போது கீழ்மலைப் பறவைகள் மேலே நகரலாம். உச்சியில் இருப்பதற்கு அதற்கு மேல் மலை இல்லை.

மிகக் கடினமான கேள்வி அயல் மரங்களைப் பற்றியது. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே யூகலிப்டஸ், சீகை (வாட்டில்), பைன் மரங்களைப் புல்வெளியில் நட்டார்கள். விறகு, காகிதக்கூழ், தோல் பதனிடும் பட்டை எனத் தேவைகள் பல. சோலைகளோ தேயிலைக்கும் ஊர்களுக்கும் போயின. பழனிமலையைச் செயற்கைக்கோள் படங்களின் வழியே ஆராய்ந்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரை, நாற்பது ஆண்டுகளில் அங்கே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதைக் காட்டியது. சோலைக்கிளி புல்வெளிப் பறவை அல்லவே, இதனால் அதற்கு என்ன என்று தோன்றலாம். சோலைக்கு ஆண்டு முழுக்க நீர் ஊறுவது புல்வெளியும் சோலையும் சேர்ந்த அமைப்பிலிருந்துதான். ஒன்றைப் பிரித்து மற்றொன்றைக் காக்க முடியாது.

எனவே அயல் மரங்களை வெட்டிவிடலாமா? எல்லா இடத்திலும் ஒரே விடை இல்லை. சீகையை வெட்டி மண்ணைத் திறந்துவிட்டால் மண்ணுக்குள் கிடக்கும் விதைகள் முளைத்து, முன்பைவிட அடர்த்தியாக எழுவது வழக்கம். மறுபக்கம், பழைய மரத்தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. உறைபனி அங்கே எட்டுவதில்லை. அப்படிப்பட்ட தோட்டத்தை ஒட்டுமொத்தமாக வெட்டினால் வளர்ந்துவரும் சோலையைத்தான் வெட்டுகிறோம். ஆக, எஞ்சியிருக்கும் பழம்புல்வெளியில் புதிதாக நுழையும் சீகைக் கன்றுகளை உடனுக்குடன் பிடுங்குவது முதல் வேலையாக இருக்க வேண்டும். கீழே சோலை முளைத்திருக்கும் முதிர்ந்த தோட்டங்களை அவசரமில்லாமல் மாறவிடலாம். இரண்டு சோலைத் துண்டுகளுக்கு நடுவே அப்படி ஒரு தோட்டம் இருந்தால், அதன் அடித்தட்டு நிழல்தான் ஒரு பக்கத்துப் பறவையின் பாட்டு மறுபக்கத்துக் குஞ்சின் காதில் விழ வழி.

கடைசியாக, காட்டுக்குப் போகும் பறவை ஆர்வலர்களுக்கு ஒன்று. கைபேசியில் பதிவுப் பாட்டை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைக்கும் பழக்கம் பரவிவருகிறது. ஆய்வில் இதே உத்தி பயன்பட்டது உண்மைதான். ஆனால் கூடு கட்டும் பருவத்தில், ஒரே இணை குடியிருக்கும் சிறு சோலைத் துண்டில், நாள்தோறும் வரும் ஒவ்வொருவரும் அதைச் செய்தால் அந்த ஆண்பறவை இல்லாத எதிரியைத் துரத்துவதிலேயே காலையைக் கழிக்கும். இரைதேடவும் கூட்டைக் காக்கவும் வேண்டிய நேரம் அது. பொழுது விடியும் முன் சோலை ஓரத்தில் பேசாமல் நின்றால் போதும். ஏப்ரலில் அது தானாகவே பாடும்.